இரண்டாம் பாதி தாமதமான ஞாயிற்றுக்கிழமை

அந்தப் படத்தைச் சிரிப்புப் படம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். மூன்று பேர் ஒரு பெரிய நகரத்தில் பேங்கில் கொள்ளையடிக்கிறார்கள். அந்த வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதிப் படம் முழுக்க அவர்களால் ஊரை விட்டு வெளியே போக முடியாது. ரயிலடிக்குப் போனால் அன்றைக்கு ஸ்டிரைக். பஸ் ஏறினால் அது ஊரைச் சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். வாடகைக் கார் பிடித்தால் டிரைவர் வழியில் மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்கு இழுத்துப் போய்ச் சாப்பிடச் சொல்வான். கதை அவ்வளவுதான்.

அந்தப் படத்தை நான் ஒரு வாரம் சைக்கிளில் சுமந்தேன்.

எங்கள் முதலாளிக்கு இரண்டு கொட்டகைகள். ஒன்று நெட்டப்பாக்கம் பக்கம், என் வீடு இருந்த ஊரில். இன்னொன்று மதகடிப்பட்டுப் பக்கம். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பென்ஷன் வந்தாலும் கஞ்சத்தனம் போகவில்லை. ஒரே ஒரு படப்பெட்டியை வாடகைக்கு எடுத்து இரண்டு இடத்திலும் ஓட்டுவார். எங்கள் ஊரில் முன்னால் ஆட்டம் தொடங்கும். முதல் பாதி முடிந்ததும் அந்த ரீல்களை நான் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் மிதித்தால் அங்கே ஆட்டம் தொடங்கும். உடனே திரும்பி வந்து, எங்கள் ஊரில் படம் முடிந்ததும் இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு மறுபடி மிதிக்க வேண்டும். அங்கே இடைவேளை விடும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்க வேண்டும். முறுக்கு விற்று முடியும் நேரம்தான் எனக்கு இருந்த சலுகை.

அப்போது மதகடிப்பட்டு கொட்டகை ஆப்பரேட்டர் டவுன் தியேட்டருக்குப் போவதாக இருந்தார். அந்த இடம் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வெயிலில் மிதித்து மிதித்து எனக்கு இருபத்தாறு வயதிலேயே முட்டி வீங்கியிருந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"இந்தப் படம் போற வரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஜனம் விசில் அடிக்கக் கூடாது. பொட்டி நேரத்துக்கு வந்துச்சின்னா ஒன்ன மெஷின்கிட்ட உக்கார வக்கிறேன்" என்றார். "இல்லன்னா மிதிச்சிக்கினே இரு."

ஆறு நாள் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மட்டும் கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி மேட்னி ஆட்டம் போடுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரும் பாண்டியைச் சேர்ந்தது. மதகடிப்பட்டும் பாண்டி. நான் போகும் குறுக்கு வழியில் நடுவே ஒரு மைல் மட்டும் தென்னாற்காடு ஜில்லா. அங்கே மதுவிலக்கு, இங்கே சாராயக் கடை. அதனால் அந்த ஒரு மைலின் முனையில் மூங்கில் தடுப்பு போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். உள்ளூர்க்காரர்கள் யாரும் அதற்காகச் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். தலையைக் குனிந்து மூங்கிலுக்கு அடியில் புகுந்து போய்விடுவோம். கை காட்டினால் அவரும் கை காட்டுவார்.

அன்று மத்தியானம் முதல் பாதியோடு போனபோதும் பழைய போலீஸ்காரர்தான் இருந்தார். சாயங்காலம் இரண்டாம் பாதியோடு வந்தபோது ஆள் மாறியிருந்தது எனக்குத் தெரியாது. வழக்கம்போலக் குனிந்து புகுந்தேன்.

"டேய், நில்லுடா!"

பின்னால் ஓடி வந்து கேரியரைப் பிடித்துவிட்டார். விழப் பார்த்தேன்.

"குனிஞ்சி ஓடுறியா? பொட்டில இன்னாடா?"

"படம் சார். அந்தப் பக்கம் இடைவேள உட்டிருப்பாங்க."

"எங்கேர்ந்து வர?"

"பாண்டி சார்."

"எங்க போற?"

"பாண்டிக்குதான் சார்."

"பாண்டிலேர்ந்து பாண்டிக்கு எங்க ஊரு வழியா போறியா? யார்கிட்ட வுடற கத?"

பெட்டியை இறக்கச் சொன்னார். ஏழு தகர டப்பா. முதல் டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். அறுந்த பிலிமை ஒட்டும் மருந்து ஒன்று உண்டு. அதன் வாடை ஸ்பிரிட் மாதிரி இருக்கும். அந்தப் பிரிண்ட் நூறு இடத்தில் அறுந்து ஒட்டியது.

"ஸ்பிரிட்டு வாடை வருது. எங்கடா வச்சிருக்க?"

"சார், சாராயம் நான் கெளம்புற ஊர்லயும் விக்குது, போற ஊர்லயும் விக்குது. நடுவுல எதுக்கு நான் செமக்கிறேன்?"

"குறுக்கக் குறுக்கப் பேசாத."

ஏழு டப்பாவையும் திறந்து மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. விட்டிருப்பார். எதிரே இருந்த டீக்கடைக்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சார், டியூப்ல பாத்தீங்களா? போன வாரம் ஒருத்தன் டியூப்லதான் ரொப்பிக்கினு வந்தான்."

"டேய், நீ நல்லா இருப்பியாடா?" என்றேன்.

"ஏம்பா, இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிடப் போவுது. ஒனக்கு இன்னா?"

போலீஸ்காரர் பின்சக்கர வால்வைத் திருகினார். காற்று சீறிக்கொண்டு வந்தது. குனிந்து முகத்தைக் கொடுத்து மோந்தார். பிறகு முன்சக்கரத்துக்குப் போய் அதையும் மோந்தார்.

"வெறுங்காத்துடா" என்றார், நான் ஏமாற்றிவிட்டதைப் போல.

"சைக்கிள்ல காத்துதான் சார் இருக்கும்."

"போ போ. பேசிக்கினே நிக்கிற."

டீக்கடையில் பம்ப் இல்லை. வால்வில் ஒன்று மண்ணில் விழுந்து கிடைக்கவேயில்லை. ஏழு டப்பாவையும் அடுக்கிக் கட்டி, இரண்டு சக்கரமும் தரையைத் தேய்க்க, தள்ளிக்கொண்டே ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிஷம் தாமதம்.

விசில் தெருமுனையிலேயே கேட்டது. ஆப்பரேட்டர் கூட்டத்தை அடக்க வழியில்லாமல், முதல் பாதியின் கடைசி ரீலையே மூன்றாம் முறை ஓட்டிக்கொண்டிருந்தார். திருடர்கள் மூன்றாம் முறையாக அதே பஸ்ஸில் ஏறி, அதே இடத்தில் இறங்கினார்கள்.

"டேய், இன்னும் போவலையாடா நீங்க?"

"கண்டக்டரு, மதகடிப்பட்டு ஒண்ணு குடுப்பா!"

"போலீஸ வேணா கூப்பிடுங்கடா, அவனாவது வெளிய இட்டுக்கினு போவான்!"

முதலாளி வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"செக்போஸ்டு நேத்து இல்லையா?"

"இருந்திச்சி மொதலாளி."

"நேத்து வந்தியே?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அழுக்குப் படிந்த என் கையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. "மெஷின் வேல அப்பறம் பாக்கலாம். நாளைக்கும் நீதான் பொட்டி. டயர சரி பண்ணிக்கினு மொதப் பாதிய எடுத்துக்கினு கெளம்பு. ஆறரைக்கு ஒங்க ஊர்ல அடுத்த ஆட்டம்" என்றார்.

அப்பறம் என்று ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் டவுனிலிருந்து வேறு ஆள் வருவான்.

நான் டயரைச் சரி பண்ணவில்லை. உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறு நாள் சுமந்த படத்தின் இரண்டாம் பாதியை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கடைசியில் நகரத்து எல்லையில் போலீஸ் தடுப்பு வருகிறது. மூன்று பேரும் களைத்துப்போய்ப் பணப்பையைச் சாலை ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்கிறார்கள். போலீஸ்காரன் அவர்களிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கி, பீடி பற்றவைத்து, வழி விடுகிறான். கொட்டகையே உருண்டு சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டி, "பாத்தியா, பாத்தியா" என்றார். பார்த்தேன்.

வெளியே வந்தபோது முதல் பாதிப் பெட்டி கட்டின கயிற்றோடு வாசலில் தயாராக இருந்தது. அதைத் தாண்டிப் போய் என் சைக்கிளை எடுத்துத் தள்ளினேன்.

"டேய், பொட்டிடா!" என்று முதலாளி கத்தினார். திரும்பவில்லை.

தடுப்பில் அதே போலீஸ்காரர். காலியான கேரியரைப் பார்த்தார். இறங்கித்தான் வந்தேன், குனியக்கூட இல்லை. அவரே மூங்கிலைத் தூக்கிவிட்டார்.

"அந்தப் படத்த நானும் பாதி பாத்தேம்பா, எங்க ஊர்ல. கடைசில தப்பிச்சானுங்களா?"

"டிக்கெட் எடுத்துப் பாருங்க சார்" என்றேன்.

அன்று மாலை ஆட்டத்துக்கு முதலாளியே அறுபது வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதித்தார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். அவரைத் தடுப்பில் நிறுத்தினார்களா என்று நான் விசாரிக்கவில்லை. நான் ஆப்பரேட்டர் ஆகவும் இல்லை.