கிழமைக்கு ஒரு பக்கம்

அன்று காலை அலுவலகத்தில் முதல் கோப்பைத் திறந்தபோது அதில் இருந்ததை என்னால் வாசிக்க முடியவில்லை. எழுத்துகள் மங்கவில்லை. கறுப்பு மையில், வரிசையாக, தெளிவாகவே இருந்தன. ஆனால் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு மொழியில் அச்சடித்தவைபோல் தெரிந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அடுத்த கோப்பைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

விடியற்காலையிலிருந்து தலையின் பின்பக்கம் இடித்துக்கொண்டிருந்தது. ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் வரும்போது வலது பக்கத்தில் நின்ற பெண்ணோடு இரண்டு முறை மோதினேன். அவர் அங்கே நின்றது எனக்குத் தெரியவே இல்லை. பிரஷர் கூடியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று ஒரு தாளை எடுத்து அரைநாள் விடுமுறைக் கடிதம் எழுதினேன். கை தடையில்லாமல் எழுதியது. அதைப் பிரதம எழுதுவினைஞரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"தங்கச்சி, திகதி போடல்ல."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். திகதி எங்கே வரவேண்டும் என்று தெரியவில்லை. நான் சற்றுமுன் என் கையால் எழுதிய ஒரு சொல்லைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை.

"இத ஆர் எழுதின?" என்று கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, வாகனத்துக்கு ஆள் அனுப்பினார்.

எனக்கு வந்தது பக்கவாதத்தில் ஒரு வகை. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் முதல் நாள் கண் நோய் என்றே பார்த்தார்கள். பிறகு ஸ்கான் எடுக்க (மூளையைப் படம் பிடிக்க) அம்புலன்ஸில் வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் நடந்துகொண்டிருந்த காலம் அது. வழியெல்லாம் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் இறங்கி, பெயர்ப் பலகைகளை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் ஒரு பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்து, மூளையின் இடது பின்பக்கத்தில் ஒரு நிழலைக் காட்டினார். வாசிப்பிழப்பு (கண் எழுத்தைக் காணும், மூளை அதைச் சொல்லாக்காது) என்றார். கூடவே வலப்பக்கப் பார்வைப்புலம் குறைந்திருக்கிறது (எதிரே பார்க்கும்போது வலது பாதி தெரியாது) என்றும் சொன்னார்.

"கண் நல்லா இரிக்கு அம்மா. கண்ணு கண்டத மூளைக்குள்ள கொண்டுபோற வழிதான் அடைபட்டுப் போச்சு. எழுதுற வழி வேற. அது தப்பிற்று."

"திரும்பி வருமா டொக்டர்?"

"கொஞ்சம் வரும். முழுக்க வருமெண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

இரத்தம் உறையாமல் வைக்கும் குளிசையும் பிரஷர்க் குளிசையும் தந்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதே நிலையில் இருக்கும் எவராவது இதை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் முதல் உணர்வு துக்கமல்ல. ஆறுதல். அதைப் பல மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் என் வேலை. சுனாமிக்குப் பிறகு, உடல் கிடைக்காதவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு வரும் விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. பெயர், வயது, முகவரி, கடைசியாகக் கண்டவர் யார், என்ன உடுத்திருந்தார். ஒவ்வொன்றையும் வாசித்து, சரிபார்த்து, மேலே அனுப்ப வேண்டும். ஒருநாள் அந்த விண்ணப்பக் கட்டுக்குள் வசந்தியின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளும் நானும் கதைப்புத்தகம் மாற்றி மாற்றி வாசித்தவர்கள். அவள் கணவர்தான் விண்ணப்பித்திருந்தார். ஒரு பிழையும் இல்லாத படிவம். சரி அடையாளம் போட்டு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு என்னால் கதை வாசிக்க முடியவில்லை. ஒரு கதையில் எவர் பெயர் வந்தாலும் மனம் அடையாள அட்டை இலக்கத்தைத் தேடியது. நாலாவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். பின்னர் திறப்பதையே விட்டுவிட்டேன். ஆகவே, வாசிப்பு போனபோது ஒரு பாரத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அந்த மாதங்களில், வடக்கே சண்டை நடந்த வன்னியிலிருந்து வந்த செய்திகளைப் பத்திரிகையில் நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆறுதல் ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. பிறகு குளிசைப் பெட்டி எது, தேயிலைப் பெட்டி எது என்று மணந்து பார்க்க வேண்டி வந்தது. பஸ்ஸின் பலகையை ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கேட்க வேண்டும். என் கணவர் வாவிக் கரையில் போட் எஞ்சின் திருத்துபவர். ஒருநாள் நான் அழுதுகொண்டிருந்தபோது கையில் கிறீஸோடு வந்து நின்றார்.

"கதைக்க ஏலுது. எழுத ஏலுது. வாசிக்க மட்டுந்தானே ஏலா மலர். எஞ்சின் முழுக்கப் பழுதாகல்லயே" என்றார்.

அவருக்குத் தெரிந்த மொழியில் அது தேறுதல்.

கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சையாளர் (நாளாந்த வேலைகளைத் திரும்பப் பழக்குபவர்) ஒருவர் இருந்தார். அவர் என் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் விரலால் ஒரு எழுத்தை எழுதினார். 'ட' என்று உடனே சொன்னேன். கண்ணைத் திறந்து அதே எழுத்தை அட்டையில் பார்த்தேன். தெரியவில்லை. விரலை அட்டையின் மேல் ஓட்டினேன். தெரிந்தது.

"இனி விரலால வாசிங்க" என்றார். "கண் வழி காட்டட்டும். விரல் சொல்லட்டும்."

அப்படித்தான் தொடங்கினேன். 'ட', 'ப' இரண்டும் நேர்கோடுகள், சுலபமாக வந்தன. 'ற' நாட்கணக்கில் அலைக்கழித்தது. 'ர'வும் துணைக்காலும் இன்றுவரை என்னை ஏமாற்றுகின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம். ஆனால் எதை வைத்துப் பழகுவது? பத்திரிகை எனக்கு வேண்டாம். சிறுபிள்ளைப் புத்தகங்கள் ஒரு கிழமையில் சலித்தன.

லண்டனில் இருக்கும் என் தங்கை சுமதி தொலைபேசியில் கேட்டாள். "அக்கா, நானும் தமிழில கதை வாசிச்சு எத்தின வருசம். ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்பமா? கிழமைக்கு ஒரு பக்கம். ஞாயித்துக்கிழமை இன்ரநெற்றில நீ எனக்கு வாசிச்சுக் காட்டு."

அவளிடம் ஒரு பழைய மாத இதழ் இருந்தது. முதல் தாள் கிழிந்துபோனதால் எழுதியவர் யாரென்று தெரியாத ஒரு சிறுகதை அதில் பதினொரு பக்கம். தனக்கு வராத கலியாண அழைப்பிதழை வைத்துக்கொண்டு ஒருவன் ஊர் தெரியாத கலியாண வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புவாள். காத்தான்குடியில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருந்த றிஸ்வி அதைப் பெரிதாக்கி அச்சடித்துத் தருவார். கிழமை முழுவதும் நான் பழகுவேன். ஞாயிறு பின்னேரம் அந்தக் கடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன்.

மூன்றாம் ஆள் தேற்றாத்தீவுத் தியாகராசா அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்தவர். கிளினிக்கில் முறைக்குக் காத்திருக்கும் வாங்கில் பழக்கமானார். அவருக்குப் பக்கவாதம் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. எதைக் கேட்டாலும் "ஓம்" (ஆம்) மட்டும் வரும். ஆனால் வாசிப்பார், விளங்கிக்கொள்வார். அவருடைய மகளிடம் மடிக்கணினி இருந்தது. அவர் எங்கள் இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்து, இடக்கையால் ஒரு சொல், இரண்டு சொல் தட்டி அனுப்புவார். நான்காவது ஆளாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டவர் றிஸ்வி. பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்தவர், இரண்டாம் கிழமை தானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சுமதி எங்களுக்கு 'வாசகர் வட்டம்' என்று ஒரு மின்னஞ்சல் குழு திறந்தாள். வட்டத்தில் நாலு பேர்.

மூன்றாம் பக்கத்தில் வட்டம் முறிந்தது. ஒரு சொல்லில் நான் நெடுநேரம் நின்றபோது றிஸ்வி பொறுக்காமல், "அழைப்பிதழ் அக்கா, அழைப்பிதழ்" என்றார். அடுத்த சொல்லையும் அவரே சொன்னார். நல்ல மனதோடுதான் செய்தார். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு ஞாயிறு போகவில்லை. சுமதியின் அழைப்பையும் எடுக்கவில்லை.

மூன்றாம் கிழமை றிஸ்வி வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியே நின்று ஒரு தாளை என் கணவரிடம் கொடுத்தார்.

"தியாகராசா அண்ணன் மெயில் போட்டிரிக்காரு. நான் என்னெண்டு சொல்ல மாட்டன். அக்கா பார்க்கட்டும்."

தாளில் ஒரே ஒரு சொல், பெரிய எழுத்தில். விரலை வைத்தேன். ப. அதன் மேல் ஒரு வளைவு. பி. பிறகு அந்தப் பொல்லாத எழுத்து. திரும்பத் திரும்ப மூன்று முறை ஓட்டினேன். கடைசியில் கு, அதற்கப்பால் ஒரு கேள்விக்குறி.

'பிறகு?'

யாரும் எடுத்துக் கொடுக்காமல், முன்கூட்டிப் பழகாமல், நான் வாசித்த முதல் சொல் அதுதான். அடுத்த ஞாயிறு போனேன். அன்றைக்கு ஒரு விதி வைத்தோம். நான் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் சொல்லை எடுத்துத் தரக்கூடாது.

ஐந்தாம் பக்கத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தக் கிழமை காய்ச்சலால் பழகவில்லை. பக்கத்தை அங்கேயே முதல்முறையாக வாசித்தேன். அழைப்பில்லாதவன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அவனை நேற்று பஸ்ஸில் கண்ட ஒருவர் கலியாண வீட்டு வாசலில் 'வந்து நின்றா' வரை வந்தேன். சொல்லின் வலது நுனி எனக்குத் தெரியாத பகுதிக்குள் இருந்தது. தாளை இடப்பக்கம் நகர்த்தினேன்.

"ஆம்பிளையா பொம்பிளையா அக்கா?" றிஸ்வி மெதுவாகக் கேட்டார்.

"தெரியா. பொறுங்க."

பஸ்ஸில் அவனைக் கண்டது ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். அழைப்பிதழ் அவனுடையதல்ல என்று அறிந்தவள் அந்தப் பெண்தான். எவர் என்பதில்தான் அவன் மானம் இருந்தது. லண்டனில் சுமதி மூச்சுவிடுவது கேட்டது. விரல் அந்தக் கடைசி எழுத்தின் சுழியில் ஏறி இறங்கியது.

"ள்" என்றேன். "நின்றாள்."

றிஸ்வி மேசையில் தட்டினார். சுமதி சிரித்தாள். தியாகராசா அண்ணன் 'அய்யோ' என்று அனுப்பினார். நானும் சிரித்தேன். ஒரு கதையில் வந்தவளுக்காக, அவள் இலக்கத்தையோ முகவரியையோ தேடாமல் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது. அவசரமாக வாசித்த காலத்தில் ஒரு 'ள்'ளுக்காக நான் காத்திருந்ததே இல்லை.

ஏழாம் பக்கத்துக் கிழமையில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். ஞாயிறு நாலு பேரும் இணைப்பில் இருந்தோம். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. சுமதி அழுதாள். றிஸ்வி கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று வாசிக்காமலே இணைப்பைத் துண்டித்தோம். அடுத்த ஞாயிறு சுமதி கேட்டாள்.

"இப்ப கதை வாசிக்கிறது சரியா அக்கா?"

"எனக்குத் தெரியா. நான் பக்கத்தப் பழகிக்கொண்டு வந்திரிக்கன்."

"சரி. வாசி."

அந்த ஆண்டின் நடுவில் மருத்துவச் சபை (வேலைக்குத் தகுதியா என்று பார்க்கும் டொக்டர்கள்) முன் நின்றேன். கோப்பு வாசிக்க முடியாத எழுதுவினைஞரை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. பிரதம எழுதுவினைஞர்தான் வழி சொன்னார். படிவம் நிரப்பத் தெரியாமல் வருபவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் மேசைக்கு என்னை மாற்றினார்கள். அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். முடிந்ததும் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பக்கத்து மேசையில் ஒருவரை வைத்தார்கள். சில நாட்களில் அவர் இருக்கமாட்டார். அப்போது விரலை வைத்து நானே வாசித்துக் காட்டுவேன். காணாமல்போன மகனைத் தேடி வந்த ஒரு தாய், "ஆறுதலா வாசி புள்ள. எனக்கு அவசரமில்ல" என்றார். அந்த மேசையில்தான் இப்போதும் இருக்கிறேன்.

வலப்பக்கம் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கமிருந்து வருபவர்கள் திடீரென்று முளைத்ததுபோல் வருகிறார்கள். தெருவைக் கடக்கத் தலையை முழுதாகத் திருப்புகிறேன். யாராவது ஒரு பெயரைச் சொன்னால் என் சுட்டுவிரல் தொடையில் அதை எழுதிப் பார்க்கிறது. நாட்கள் எனக்கு இப்போது பக்கங்களாக இருக்கின்றன. அந்தக் காய்ச்சல் ஐந்தாம் பக்கத்தில், போர் முடிந்தது ஏழாம் பக்கத்தில் என்றுதான் ஞாபகம் வருகிறது.

பதினோராம் பக்கம் வந்த கிழமை, அதை வாசிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். முடிந்துவிடுமே என்று இருந்தது. அந்த உணர்வு எனக்கு வந்து பல வருடங்களாகியிருந்தன. மூன்றாம் நாள் பின்னேரம் என் கணவர் தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் கதை வாசிப்பவரல்ல. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து சொல்வதைக் கேட்டிருந்தார்.

"அவன் அம்பிட்டானா இல்லயா?"

"ஞாயித்துக்கிழமை தெரியும்."

"எனக்கு மட்டும் வாசியன்."

தாளை எடுத்தேன். பின்னேரம் முழுவதும் வாசித்தேன். இரண்டு பேரின் தேநீரும் ஆறிப்போனது. வாவிப் பக்கம் வெளிச்சம் மஞ்சளாகி, எழுத்துக்கு விளக்குப் போட அவர் எழுந்தார். போட்டுவிட்டு உட்காராமல், என் தோளுக்கு மேலாகக் குனிந்து கடைசி வரியைப் பார்த்தார். அவரால் ஒரு நொடியில் வாசித்துவிட முடியும். அதை வாசிக்காமல் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கடைசியில என்ன?" என்றார்.

"பொறுங்க" என்றேன். "விரல் இன்னும் அங்க போகல்ல."