எண்ணிக்கை விட்டுப்போன நாள்

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த அந்த அம்மாளுக்கு 'அறுபது' என்றே பெயர் விழுந்துவிட்டது. பீங்கான் பல்லின் உட்புறத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, கழுவி, காயவைத்து, சிலேன் என்ற திரவத்தைத் தடவியதும் அவள் உதடு எண்ணத் தொடங்கிவிடும். பீங்கானையும் பசையையும் சேர்த்துப் பிடிப்பது அந்தத் திரவம்தான். அறுபது வரும்வரை இடியே விழுந்தாலும் பல்லைக் கையில் தரமாட்டாள். இப்படி எண்ணியதற்காகவே முன்பு வேலை பார்த்த இடத்தில், 'ரொம்ப மெதுவா செய்யறீங்க' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒழுங்காக வேலை செய்தால் அதுதான் மரியாதை, போங்கள்.

புது இடத்தில் சேர்ந்த மூன்றாம் மாதம் கிளாரினெட் வாசிக்கிறவர் ஒருவர் வந்தார். வேறெங்கோ ஒட்டிய முன்பல் இரண்டு முறை கழன்றிருந்தது. இரண்டாம் முறை கழன்றது மேடையில், நாலு பேர் பார்க்க. வாத்தியத்தின் முனை அந்தப் பல்லில்தான் அழுந்தும்.

"இதுவும் போச்சுன்னா வாசிப்பையே விட்டுட வேண்டியதுதான்," என்றார்.

புதுப் பல் கச்சிதமாகப் பொருந்தியது. அறுபது அதைத் தயார்செய்து தட்டில் வைத்தாள். டாக்டர் பசையைப் பிழிகிற நேரத்தில் மனிதர் ஆசை தாங்காமல் பல்லை எடுத்துப் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா? விரலை எச்சிலில் தொட்டு உட்புறத்தைத் தேய்த்து, கைக்குட்டையால் துடைத்தும் வைத்தார்.

"பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான்," என்றார் அப்பாவியாக.

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். "பஞ்சால துடைச்சுக் குடும்மா. பசை இறுகிடும்," என்றார் டாக்டர்.

இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பெரியாது. ஆனாலும் அறுபதின் வாய் சும்மா இருக்கவில்லை.

"எச்சில் பட்டுடுச்சு, துடைச்சா போகாது சார். திரும்ப முதல்லேருந்து செய்யணும். இல்லேன்னா இதுவும் கழண்டுடும்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிழிந்த பசையை வழித்துக் குப்பையில் போட்டார்.

"சரி, எண்ணும்மா. நான் காத்திருக்கேன்."

இத்தனை வருட வேலையில் அவளுக்காக யாரும் காத்திருந்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவரை இன்றைக்கும் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

ஓராண்டு கழித்து கிளாரினெட்காரர் திரும்ப வந்தார். அவளுக்குப் பகீரென்றது. ஆனால் பல் அசையவில்லை, வலியும் இல்லை. காத்திருப்போர் அறையிலேயே பெட்டியைத் திறந்து, "உங்களுக்குத்தான்க்கா," என்று வாத்தியத்தை வாயில் வைத்து வாசித்தார். டாக்டரும் கையுறையோடு வந்து நின்றார். பழக்கதோஷத்தில் அவள் உதடு எண்ணத் தொடங்கியது. முப்பதைத் தாண்டியது வரை தெரியும். அப்புறம் கண் நிறைந்துவிட்டது. எங்கே விட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.