வலது சக்கரத்தைத் திறந்த அன்று

அரியமங்கலத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் பல வருடங்கள் பேரிங் விற்றவள் நான். பக்கத்திலேயே வரிசையாக ஒர்க்‌ஷாப்புகள். எந்தப் பேரிங் எங்கே உட்காரும், எது எதனால் போகும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பிறகு நின்று பார்த்தேன், கடைசியில் நானே கையில் கிரீஸைப் பூசிக்கொண்டேன். அப்பா போனபின் அவருடைய பழைய லாரி எனக்கும் அண்ணனுக்கும் வந்தது. அவன் ஓட்டுவது, பழுது வந்தால் நான் பார்ப்பது என்று பேசாமலேயே முடிவாயிற்று. வண்டியை என் பெயருக்கு மாற்றச் சொன்னதும் அவன்தான். "ஓட்டுறது நான், ஓனர் நீ. நல்லாத்தானே இருக்கு?" என்று சிரித்தான். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

விடிவதற்கு முன்பே கிளம்பி ஸ்ரீரங்கத்துப் பக்கம் வாழைத்தார் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவான். சில நாள் துறையூரிலிருந்து வெங்காயம். கோடை தொடங்கும்போது முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, புது பேரிங் போட்டுக் கொடுத்தேன். சில வாரத்திலேயே இடது சக்கரத்தில் உறுமல் கேட்கிறது என்றான். நான் போய்ச் சேர்வதற்குள் சக்கரத்தைக் கழற்றி, நடுக்குடமான ஹப், பிரேக் டிரம் எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து, ஒரு சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தான்.

"கடையிலேர்ந்து களைச்சுப் போயி வர்ற. அழுக்கு வேலைய நான் முடிச்சிட்டேன் பாப்பா. நீ மாட்டிக் குடுத்தா போதும்."

இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தேன்.

பேரிங்கின் உருளைகளில் பொரிப்பொரியாகப் புள்ளி விழுந்திருந்தது. புதிது மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, அது கழலாமலிருக்க ஒரு கம்பிப் பின்னைச் செருகி வளைத்தேன். ஜாக்கியில் நிறுத்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. கையால் தள்ளிவிட்டால் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. இதற்குமேல் ஒரு சக்கரத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மறுபடியும் போயிற்று. இந்த முறை ஹப் தொட முடியாத சூடு என்றான். நட்டை அதிகம் இறுக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. பேரிங் உட்காரும் கப்பை மாற்றினேன். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை மாற்றினேன். கிரீஸை மாற்றினேன். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று அதையும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் முன்கூட்டியே கழற்றிக் கழுவி வைத்திருந்தான். ஒவ்வொரு முறையும் அது திரும்பப் போயிற்று.

"வெளியில குடுத்துப் பாப்போமாண்ணே?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நீயே நிதானமாப் பாரு. எங்கயோ ஒரு சின்னத் தப்பு பண்ற, அவ்ளோதான்."

லாரி ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. ஒருநாள் நான் அங்கே நிற்கும்போதே ஒரு டிரைவர் கேட்டார், "என்னப்பா, இன்னும் அந்த வீலு சரியாவலயா?" அண்ணன் என்னைப் பார்க்காமல், "பொம்பளப் புள்ள கை. அழுத்தம் பத்தல. நாம என்ன சொல்றது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதன்பிறகு கடையில் யாராவது வந்து பேரிங் மாட்டுவது பற்றிக் கேட்டால், "ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். தெரிந்த பேரிங்கின் எண்ணைக்கூட இரண்டு தரம் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்காகத் துறையூருக்கு பஸ்ஸில் போயிருந்தார்கள். லாரி அவன் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நின்றது. எனக்கு ஒரு யோசனை. வலது சக்கரமும் நான் மாட்டியதுதான். அதே கை, அதே கிரீஸ். அதில் ஒரு குறையும் வரவில்லை. அப்படியானால் அங்கே எதைச் சரியாகச் செய்தேன் என்று திறந்து பார்த்தால் இடதில் செய்யும் தப்பு பிடிபடுமே! தப்பு என்னுடையதுதான் என்பதில் அப்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் மூடியைத் தட்டி எடுத்து, நட்டைக் கழற்றி, ஹப்பை இழுத்தேன். டிரம்மோடு சேர்ந்து வந்தது. உள்ளிருந்து என் மடியில் மணல் கொட்டியது.

டிரம்மின் உள்விளிம்பு முழுக்க மணல் அப்பிக் காய்ந்திருந்தது. வெயிலில் அதில் காக்காப்பொன் மினுமினுத்தது. சீல் வளையத்தைப் பெயர்த்து உள்பக்கப் பேரிங்கை எடுத்தேன். நான் வைத்த கிரீஸ் நல்ல பழுப்பு நிறம். இது மோர் ஊற்றிப் பிசைந்தது போல வெளுத்துக் கிடந்தது. உருளைகளில் புள்ளி அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது.

தண்ணீர் புகுந்தால்தான் கிரீஸ் இப்படி வெளுக்கும். மழை பெய்து மாதக்கணக்காகிறது. வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தால் டிரம்முக்குள் ஆற்று மணல் வராது. ஓடிச் சூடான ஹப்பைத் தண்ணீரில் இறக்கினால், ஆறும்போது அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை எத்தனையோ டிரைவர்களுக்குக் கடையில் நானே சொல்லியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்துக்குப் பின்னால் கொள்ளிடம். விடிவதற்கு முன்னால் அதற்குள் லாரியை இறக்கி ஏற்றுவதற்கு திருட்டு மணலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அவன் ஏன் எனக்கு முன்னால் போய்க் கழுவி வைத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஏன் வெளியாளிடம் விடவில்லை என்பதும்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். அண்ணி மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வீட்டுக்குள் போய்விட்டாள். அவளுக்கும் தெரியும்.

"ஆத்துக்குள்ள எறக்குனியாண்ணே?"

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "எல்லாரும்தான் மணல் அடிக்கிறாங்க. வாழைத்தார வெச்சு மட்டும் எப்படி ஓட்டுறது? எறங்குற எடத்துல இடது பக்கம் பள்ளம். அதான் அந்தச் சக்கரம் சும்மா சும்மா போவுது."

"போலீஸ் புடிச்சா வண்டி யாரு பேருல இருக்கு?"

"அப்படியெல்லாம் புடிக்க மாட்டாங்க பாப்பா."

"சரி, அத விடு. என் கை சரியில்லன்னு ஏன் சொன்ன?"

அவன் உண்மையிலேயே குழம்பினான். இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வேற என்னத்தச் சொல்றது?" என்றான்.

அவ்வளவுதான். கோபத்தில் சொல்லவில்லை, என்னை நோகடிக்கவும் சொல்லவில்லை. ஒரு காரணம் தேவைப்பட்டது, நான் கைக்கெட்டும் இடத்தில் இருந்தேன். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாவியைக் கேட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். உடனே எடுத்துக் கொடுத்தான். அடுத்த நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு சக்கரத்தையும் பிரித்து, மணலைக் கடைசித் துகள்வரை கழுவி, எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டினேன். வண்டிக்கு வேறு டிரைவர் வைத்தேன். அண்ணன் வேறொருவர் லாரிக்குப் போய்விட்டான். இடது சக்கரம் அதற்குப்பிறகு ஒரு முனகல்கூட முனகவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இன்றும் நட்டைத் தளர்த்தும்போது கை ஒரு நொடி நின்று, இது போதுமா என்று கேட்கிறது. நன்றாக ஓடும் வண்டியைப் பார்த்தும் அந்தக் கேள்வி போகவில்லை.

இப்போது அவனிடம் பேசும்போது 'நீங்க' என்றுதான் வருகிறது. முடிவெடுத்து மாற்றிக்கொண்டதல்ல. ஒருநாள் போனில் அப்படி வந்துவிட்டது, இரண்டு பேரும் அதைக் கவனித்தோம், அப்படியே நின்றுவிட்டது.

போன தை மாதம் உறவில் ஒரு சடங்கு. பந்தியில் அவன் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். யாரோ லாரியைப் பற்றி விசாரித்தார்கள். அண்ணன் நிமிர்ந்து என்னைக் காட்டி, "அதுல ஒரு நட்டு விடாம என் தங்கச்சி கைவேலை. திருச்சியில இவ மாதிரி வீல் மாட்ட ஆள் கெடையாது" என்றான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கூடப் பார்த்தாள்.

ஸ்டாண்டில் அன்று பேசிய அதே குரல். அதே சுலபம். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "ரசம் ஊத்துங்க" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன்.