கன்னிகா டீச்சர் கொடுத்த மருந்து

ஆந்திராவிலுள்ள புத்தூரில் கன்னிகாவின் டியூஷனுக்கு வராத பிள்ளைகள்கூட அவளுக்குப் பயந்தார்கள். கன்னிகா பயந்தது ஒரே ஒரு பிள்ளைக்கு. அது அவள் பெற்ற பிள்ளை, நாலாம் வகுப்பு காவ்யா.

படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கெல்லாம் கன்னிகாவிடம் ஒரே மருந்துதான் இருந்தது. "வூட்ல தமிழு, ஸ்கூல்ல தெலுங்கு, புக்குல இங்கிலீசு. கொழம்பாம இன்னா பண்ணும்? வூட்லயும் தெலுங்குலயே பேசுங்க, சரியாப்பூடும்." காலங்காலமாகத் தமிழ் பேசிய குடும்பங்கள் மறுபேச்சின்றி அதை விழுங்கின. பிரமிளா என்பவள் தன் மகன் தமிழ்ச்செல்வனைத் தெலுங்கில் திட்டத் தொடங்கி, பாதியில் வார்த்தை அகப்படாமல் விட்டுவிடுவாள். அந்த மருந்தில் கண்ட குணம் அவ்வளவுதான்.

காவ்யா ஒருமுறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைப் பிரித்தால் வரி தவறும், எழுத்து திரும்பிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகும் வேளையில் வயிறு வலிக்கும். கன்னிகா ஊருக்குச் சொன்ன மருந்தை வீட்டிலும் கொடுத்துப் பார்த்தாள். பலிக்காமல் போகவே, யாருக்கும் தெரியாமல் தமிழ் எழுத்தையும் சொல்லிக்கொடுத்தாள். டியூஷன் நேரத்தில் மகளை உள்ளறையில் சத்தமில்லாத டிவிக்கு முன்னால் உட்காரவைத்தாள். டீச்சர் பெண்ணுக்கே படிக்க வரவில்லை என்று வெளியே தெரிந்தால் எவன் பிள்ளையை அனுப்புவான்?

பள்ளியில் வற்புறுத்தியதால் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனார்கள். பஸ்ஸில் கன்னிகா டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு டிக்கெட்ட கிழிச்சிக்கினு கீற?" என்றான் கணவன் பாஸ்கர்.

"டாக்டரு முன்னால இவ தமிழ்லயாச்சும் படிச்சிட்டா போதும்."

ஸ்ரீப்ரியா என்ற டாக்டரம்மா காவ்யாவிடம் கதை கேட்டாள், கணக்குப் போடச் சொன்னாள், மூன்று மொழியிலும் படிக்கவைத்தாள். பிறகு சொன்னாள்: "மூளை படு கெட்டி. ஆனா மூணு மொழியிலயும் ஒரே மாதிரி தடுக்குது, அப்போ தப்பு மொழியில இல்ல. இது கற்றல் குறைபாடு. திட்டினா போகாது. சொல்லித்தர விதத்தை மாத்தணும், நாளாகும், ஆனா படிப்பா. வீட்ல என்ன பேசுவீங்க?"

"தெலுங்கு."

"என்கிட்ட தமிழ்ல கதை சொல்றாளே! யார் உங்களை அப்படிப் பேசச் சொன்னது?"

"ஒரு டீச்சரு," என்றாள் கன்னிகா.

"அந்த டீச்சரை நான் கொஞ்சம் பார்க்கணும்."

பாஸ்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நைனா இன்னாத்துக்கு சிரிக்குது?" என்றாள் காவ்யா.

அன்று மாலை டியூஷன் நடக்கையில் தமிழ்ச்செல்வனை இழுத்துக்கொண்டு பிரமிளா வந்தாள். "டீச்சரம்மா, இவனுக்கு இன்னும் படிக்கவே வர்லயாம். தெலுங்கு பத்தலயா?"

பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பைக் கன்னிகா தினமும் காலையில் தன் வீட்டில் பார்க்கிறாள். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால், இவன் இப்படியே நிற்பான்.

"காவ்யா, டிவிய நிறுத்திட்டு வெளிய வா." காவ்யா வந்து கதவோரம் நின்றாள். "பிரமிளா, என் பொண்ணுக்கும் படிக்க வர்ல. இது பாஷையால இல்ல. நான் சொன்னது தப்பு. இவனையும் திருப்பதி டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கினு போ."

கூடத்தில் அத்தனை பிள்ளைகளும் தலைநிமிர்ந்தார்கள். பிரமிளா அவளையும் காவ்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மகனோடு படியிறங்கினாள்.

மறுநாள் டியூஷன் நேரத்துக்கு வெகு முன்பே கன்னிகா வாசலில் வந்து நின்றாள். அந்த வாசலில் பயந்து நிற்பது இதுவரை பிள்ளைகளின் வேலை.

"யாரும் வர்லன்னா?" என்றாள் காவ்யா.

"நீ கீறியே. புக்க எடு."

காவ்யாவின் கை வயிற்றுக்குப் போனது.

"வாணாம், புக்கு இருக்கட்டும்," என்றாள் கன்னிகா அவசரமாக. "நேத்து டாக்டரம்மாகிட்ட சொன்னியே, அந்தக் கதைய எனக்குச் சொல்லு." கண் மட்டும் தெருமுனையிலேயே இருந்தது.