சிவப்பு விலகிய படம்

மன்னார்க் கரையில் கீரி என்ற ஊரில் அருளப்பனின் கைகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இரண்டு வகை ஆட்கள்தான் உண்டு. ஒன்று, பைபர் படகு வைத்திருப்பவர்கள். எவ்வளவு பெரிய வெடிப்பானாலும் கண்ணாடி மாதிரிக் காயும் றெசின் பசையை ஊற்றி அடைத்துக் கொடுத்துவிடுவான். மற்றது, அவனைப் போலவே பழைய கிரிக்கெட் படம் சேர்க்கும் கிறுக்கர்கள். மிச்சப்பேருக்கு அந்தக் கை விழுந்த இடங்கள்தான் ஞாபகம். ஐஸ் லொறிக்காரனின் தாடை, கரையில் படகை இழுத்து விட இடம் கேட்டவனின் விலா, கோயில் பெருநாளில் சும்மா முறைத்துப் பார்த்த ஒரு மனிதனின் மூக்கு. கை முன்னால் போய்விடும். யோசனை பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

படம் சேர்க்கத் தொடங்கியதே அடிதடியில்தான். போருக்குத் தப்பி இந்தியாவுக்கு இடம்பெயர்ந்து மண்டபம் அகதி முகாமில் இருந்த சின்ன வயது. சுவிங்கம் வாங்கினால் உள்ளங்கையளவு அட்டையில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரனின் படம் கூடவே வரும். முதல் படத்தை இன்னொருவனின் காதைக் கடித்துத்தான் பறித்தான். வாயில் இரத்தத்தோடு அதை வெயிலில் பிடித்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். படத்தில் இருப்பது யாரென்று அவனுக்கு இன்றுவரை அக்கறையில்லை. நிறம்தான் அவனைப் பிடித்தது. மலிவான அச்சு. புல்லின் பச்சை கொஞ்சம் கால் சப்பாத்தில் ஏறியிருக்கும், வானத்தின் நீலம் தொப்பிக்குள் வழிந்திருக்கும். கிட்டே வைத்தால் முகம் புள்ளி புள்ளியாக உடையும், தள்ளிப் பிடித்தால் திரும்ப முகமாகும். முகாமில் மற்றதெல்லாம் சாக்கு நிறத்தில் இருந்தது. அந்த அட்டை மட்டும் அவன் கண்ணுக்குப் பெருநாளாக இருந்தது.

ஊர் திரும்பி, கலியாணம் முடித்து, தலையும் நரைத்த பிறகும் அந்தக் கிறுக்கு விடவில்லை. லொறிக்காரனின் தாடையை உடைத்த அதே விரல்கள் படத்தை ஓரத்தில் நகத்தால் மட்டும் தொட்டுத் தூக்கும்.

போன வருடம் அவன் மனைவி மாக்கிறட்டின் தம்பி டிலான் வீட்டுக்கு வந்திருந்தான். மேசையில் கிடந்த படமொன்றின் மேல் தெரியாத்தனமாகத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டான். அடுத்த மூச்சுக்கு அவனுடைய முன்பற்கள் சீமெந்துத் தரையில் கிடந்தன. மாக்கிறட் பற்களைப் பொறுக்கித் துணியில் சுற்றித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“இன்னொருக்கா உங்கட கை ஒரு மனிசரில விழுந்தா நான் அம்மா வீட்ட போறன். பிறகு வரமாட்டன்.”

அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் அருளப்பன் பயந்தான். ஊரில் ஒருவனுக்கும் அஞ்சாத அந்த முரடனுக்கு அவளில்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவும் தைரியம் இல்லை. அன்றிலிருந்து கோபம் வந்தால் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விடுவான்.

படம் சேர்க்கும் இன்னொருவன் சுகந்தன், முருங்கன் ஊரில் வயல் செய்கிறவன். பாம்பைக் கண்டாலும் ஒதுங்கி வழிவிடுகிற சாது. ஆனால் அவனிடம் இருந்த ஒரு படத்துக்காக மன்னாரில் படம் சேர்க்கும் எவனும் வாயூறுவான். மட்டையைத் தூக்கி நிற்கும் ஒரு ஆட்டக்காரனின் படம். அச்சடிக்கும்போது சிவப்பு மட்டும் ஒரு நெல்லளவு விலகி விழுந்துவிட்டது. தோளுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் தோள், மட்டைக்குப் பின்னால் ஒரு சிவப்பு மட்டை. ஆள் எரிந்துகொண்டே ஆடுகிற மாதிரி இருக்கும்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படத்தை விற்கமாட்டார்கள். ஒரு பெருநாளிலிருந்து அடுத்த பெருநாள் வரை பார்வைக்குக் கொடுப்பார்கள். போனபடியே திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

நத்தார்ப் பெருநாளுக்கு வந்த சுகந்தன் அந்தப் படத்தை அவன் கையில் கொடுத்தான். “உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வச்சுப் பாருங்கோ, அருளண்ணை.”

விடிந்தால் அருளப்பன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பான். “என்னை ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்லை,” என்பாள் மாக்கிறட். அவன் வெட்கப்பட்டுச் சிரிப்பான்.

மாசியில் உப்புக்காற்று எழுந்தது. ஒருநாள் காலையில் படத்தின் வெள்ளை ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்று. தன் வீட்டில் இருக்கும்போதே அது அழுகத் தொடங்கிவிட்டது என்ற நினைப்பு அருளப்பனைத் தின்றது. காப்பாற்ற அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. எத்தனையோ படகுகளின் முன்புறத்தில் அந்தோனியார் படத்தை வைத்து மேலே றெசின் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். எத்தனை கடல் அடித்தாலும் அந்தோனியார் புதுசாகவே இருப்பார். அதையே இதற்கும் செய்தான். அந்தோனியார் பிளாஸ்டிக் தாளில் வந்தவர், இது வெறும் அட்டை என்பது அவன் மரமண்டையில் ஏறவில்லை.

அட்டை றெசினைக் குடித்தது. காய்ந்து பார்த்தபோது வெள்ளை ஓரம் நனைந்த துணி மாதிரி மங்கிக் கிடந்தது. பின்பக்கத்து இங்கிலிஷ் எழுத்துகள் இடவலமாகப் புரண்டு ஆட்டக்காரனின் நெஞ்சில் தெரிந்தன. அந்தச் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிட்டது.

அருளப்பன் மறைக்கவில்லை. “தம்பி, ஒருக்கா வாங்கோ. பெரிய பிழை விட்டிட்டன்,” என்று சுகந்தனுக்குப் போன் எடுத்துச் சொன்னான். பிறகு தன்னுடைய படங்கள் எல்லாவற்றையும் வேலை செய்யும் பலகையில் பரப்பி வைத்தான்.

“பிழை விட்டது ஆரெண்டு ஞாபகம் இருக்கட்டும்,” என்றாள் மாக்கிறட்.

சுகந்தன் வந்தான். படத்தைத் தூக்கி வெயிலில் பிடித்தான். உடுத்திருந்த சாரத்தால் துடைத்தான். திரும்பவும் பிடித்தான்.

“இதில விருப்பமானதை எடுங்கோ, தம்பி. எல்லாத்தையும் எண்டாலும் எடுங்கோ,” என்றான் அருளப்பன்.

பதிலுக்குத் துடுப்புத்தான் வந்தது. திருத்த வந்த படகுக்குள் கிடந்த துடுப்பை உருவி சுகந்தன் அவன் வலது தோளில் இறக்கினான். அடுத்த அடி காதில், அதற்கடுத்தது முகத்தில். மூக்கு உடைந்து வாய்க்குள் இரத்தம் இறங்கியது. “என்ர படத்தை... என்ர படத்தை...” சுகந்தனுக்கு வேறு சொல் வரவில்லை. அருளப்பன் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். விலாவில் ஏதோ நொறுங்கியது. பிடியை விடவில்லை. தானாக இருந்தாலும் இப்படித்தான் அடித்திருப்பான் என்று அவனுக்குத் தெரிந்தது.

மூச்சு வாங்க நின்ற சுகந்தன் பலகையைப் பார்த்தான். கைக்குக் கிடைத்ததை எடுத்து இரண்டாகக் கிழித்தான். முகாமில் காதைக் கடித்துப் பறித்த படம்.

அருளப்பனின் கைகள் படகை விட்டன. இடது கை சுகந்தனின் கழுத்தைப் பிடித்து அவனைப் பலகையில் மல்லாக்கத் தள்ளியது. வலது கையில் சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. சுகந்தனின் கண்கள் பிதுங்கின. வாசல் படலையடியில் மாக்கிறட் நின்றாள். கத்தவில்லை. ஏற்கெனவே செருப்பைக் காலில் மாட்டிவிட்டாள்.

தூக்கிய கையை இறக்காமல் விட அருளப்பன் ஒருநாளும் பழகியதில்லை. கழுத்திலிருந்த இடது கையை எடுத்தான். சுகந்தனின் தலைக்குப் பக்கத்தில், பலகையில், விரல்களை விரித்து வைத்தான். சுத்தியல் அங்கே இறங்கியது. கோபம் தீரவில்லை. இன்னொரு தரமும் இறங்கியது.

சுகந்தன்தான் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றினான். ஓட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வரை “அண்ணை, அண்ணை” என்று அழுதுகொண்டே வந்தான்.

பின்னேரம், கட்டுப்போட்ட இடது கையும் வீங்கித் தூக்க முடியாத வலது தோளுமாக அருளப்பன் கண்ணைத் திறந்தபோது கட்டில் பக்கத்துக் கதிரையில் மாக்கிறட் இருந்தாள். அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நான் அவனில கை வைக்கேல்ல, மாக்கிறட். நீ கண்டனிதானே?”

“கண்டனான். அவன்ர கழுத்தையும் கண்டனான்.”

அவன் கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தான்.

“டிலானுக்குப் பல்லு, உங்களுக்கு விரல். உடைச்சது ஒரே ஆள்தானே?” ஈரத்துணியால் அவன் மூக்கிலிருந்த இரத்தத்தைத் துடைத்தாள். “விரல் பொருந்தும் வரைக்கும் இருக்கிறன். சோறு தீத்த ஆள் வேணும். பொருந்தின பிறகு அந்தக் கை என்ன செய்யுதெண்டு பாத்துத்தான் மிச்சம்.”

“ஓம்,” என்றான் அருளப்பன்.

அவள் சோற்றைப் பிசைந்து நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான்.