கோலம் தெரியாமல் ஒரு படம்

கல்யாண வீட்டில் உம்மணாமூஞ்சி மாப்பிள்ளையையும் சிரிக்க வைத்துவிடும் எனக்கு, புயலுக்குப் பிறகு கிடைத்த வேலை இடிந்த வீடுகளைப் படமெடுப்பது. முகூர்த்தங்கள் தள்ளிப்போய்விட்டன. என் ஸ்டூடியோவின் தகரக் கூரை எந்த வயலில் கிடக்கிறதோ தெரியாது. சேதக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, கேமரா வைத்திருந்த என்னைக் கூட்டிக்கொண்டார்.

அதிராம்பட்டினம் பக்கம் ஒரு சின்ன ஊர். விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். வீடு போனவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளி திறப்பதால் காலி செய்தாக வேண்டும். வீட்டைச் சரிசெய்துகொண்டு போகலாமென்றால் அதுவும் முடியாது. கை வைத்துவிட்டால் முழுச் சேதமென்று எழுத மாட்டார்கள், நிவாரணப் பணம் வராது. யாரும் குடியிருக்க முடியாத வீடு என்று படத்திலேயே தெரிய வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஓர் அக்காவின் வீட்டில் கூரையே இல்லை. பின்சுவர் சரிந்து கிடந்தது. கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். இரண்டு பிள்ளைகளோடு இவர் மட்டும் பள்ளிக்கூடத்தில். எடுத்த படத்தை அதிகாரியிடம் காட்டினேன்.

“வாசல்ல கோலம் இருக்கே. குடியிருக்காங்கன்னு மேல திருப்பி அனுப்பிடுவாங்க. அழிச்சிட்டு எடுத்துட்டு வாங்க,” என்றார்.

போய்ச் சொன்னேன். விடியற்காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்து அக்கா தினமும் போடுகிற கோலம் அது.

“சாவு வீட்டுலதான் தம்பி கோலம் இருக்காது. அவரு அவ்வளவு தூரத்துல, சாரத்து மேல நிக்கிறாரு. நான் எப்படி அழிப்பேன்?”

எனக்கும் அழிக்க மனம் வரவில்லை. கொல்லைப்பக்கமிருந்து எடுத்தால் வாசல் தெரியாது என்று நினைத்துப் பின்னால் போனேன். கேமராவைத் தூக்கிய பிறகுதான் உறைத்தது. பின்சுவர் இல்லை, நடுத்தடுப்பு இல்லை, கதவும் இல்லை. வீட்டை ஊடுருவி நேராக அந்தக் கோலம்தான் தெரிந்தது. படம் வெட்டாமல் முழுசாகப் போக வேண்டும் என்பதும் உத்தரவு. எங்கே நின்றாலும் மாட்டிக்கொள்கிற வீடாக இருந்தது.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. உள்ளே போய், நிலைவாசலில் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்ப எடுங்க தம்பி.”

எடுத்தேன். அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“உள்ள ஆள் நிக்கிறாங்களே,” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலும் ஓர் அதிகாரி இருந்தார், அவ்வளவுதான். இருந்தாலும் அந்த நிமிடம் கேமராவைத் தூக்கிக் குளத்தில் போட்டுவிடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அக்கா பாயையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்தார். மழை மூட்டமாக இருந்தது. நான் கேமராவோடு வாசலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

“குடியிருக்கேன்னுதானே சொல்றாங்க,” என்றார். “குடியிருந்துட்டுப் போறேன்.”

கோலத்தை மிதிக்காமல், ஓரமாக ஒதுங்கி, மூன்று பேரும் உள்ளே போனார்கள்.