மூடியில் கட்டிய துணி

வீட்டுக்கு வெளியே கருணாகரனுக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துவிடும். காதுமடல் மட்டும் சிவக்கும். 1959ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மலாக்கா நகரின் பண்டார் ஹிலிரில் இருந்த ஒரு தனியார் இரத்த ஆய்வுக்கூடத்தில், அவருடைய இரண்டு காதுகளும் சிவந்திருந்தன. எதிரே மேசைமேல் தட்டச்சு செய்த ஒற்றைத் தாள். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

அதை நீட்டியவர் கூடத்தின் சொந்தக்காரர் டாக்டர் ஹார்ட்வெல். அடுத்த மாதம் மனுஷர் சீமைக்குத் திரும்புகிறார். சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷமாகிவிட்டது, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். கூடத்தை உள்ளூர்க் குழு ஒன்று எடுத்து நடத்தப் போகிறது. கருணாகரனை அங்கே நிரந்தர டெக்னீஷியனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சிபாரிசுக் கடிதமும் அதே மேசையில் தயாராக இருந்தது. புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து காப்புரிமை ஏஜெண்டு வருகிறார், அதற்குள் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொள் என்றார் டாக்டர். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. பதினோரு வருஷமாகக் கருணாகரனை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: கை உன்னுடையதுதான், அதை யார் இல்லை என்றார்கள், யோசனை என்னுடையது.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் காது சிவந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமைக் கிளார்க் நல்லையாவிடம் போனார். நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் எழுதும் இங்கிலீஷைத் தலைகீழாக நின்றும் படிப்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"பெட்டி முழுக்க துரை சொல்லச் சொல்ல நீர் செய்ததாம். உம்முடைய சொந்த யோசனை ஒண்டும் அதில இல்லையாம். கையெழுத்து வைச்சீரெண்டால் பிறகு வாயே திறக்க ஏலாது."

"வைக்கலைன்னா?"

"சிபாரிசுக் கடிதம் மேசை லாச்சிக்குள்ள போயிடும். வேறென்ன?"

அந்தப் பெட்டி என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். மனுஷ ரத்தத்தில் சிவப்புச் சத்து ஒரே வகையல்ல. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிவரும் சில கோளாறுகளில் அந்தச் சத்தே வேறு மாதிரி இருக்கும், கண்ணால் பார்த்தால் தெரியாது. ஈரமாக்கிய ஒரு தாளில் ரத்தச் சத்தை ஒரு கோடாக இட்டு, இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்து ஆறு மணி நேரம் விட்டால், வகைவகையாகப் பிரிந்து தனித்தனிப் பட்டையாக நிற்கும். சீமையில் இதற்குப் பெட்டி விற்றார்கள். அதை மலாக்கா வெக்கையில் வைத்தால் ஒன்றுக்கும் உதவவில்லை. மூடாமல் வைத்தால் தாள் காய்ந்தது. மூடி வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து, மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தாளில் விழுந்து, பட்டையெல்லாம் கலங்கிப்போனது.

டாக்டர் நான்கு மாதம் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கு இது சரிப்படாது என்று அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டார். விடாமல் மல்லுக்கட்டியவர் கருணாகரன்தான். ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்று, பத்தொன்பது வயதில் இந்தக் கூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் கழுவ வந்தவர். சீனன் ரேடியோ கடையில் பழைய சாமான் வாங்கி மின்சாரத்துக்கு வழி செய்தார். தொட்டியை அறுத்துச் சின்னதாக்கினார். கடைசியில் மூடியின் உட்புறம் ஒரு பழந்துணியை இறுக்கிக் கட்டி, அதன் ஓரங்களை வெளியே தொங்கவிட்டார். துணி சொட்டுகளையெல்லாம் குடித்து வெளியே இறக்கிவிட்டது. தாளில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

அதற்குப் பிறகு பெட்டி சும்மா இருந்த நாளில்லை. கிளேபாங்கிலிருந்து ஒரு மலாய்க்காரத் தாய், சுண்ணாம்பாய் வெளுத்த மூன்று வயதுப் பையனைத் தூக்கி வந்தாள். வருஷக்கணக்காக இரும்புச் சத்து டானிக் குடித்த பிள்ளை. பெட்டியில் வைத்துப் பார்த்தால் அது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த கோளாறு. இரும்பு அந்த உடம்புக்கு விஷம். டானிக்கை நிறுத்தினார்கள். அந்தப் பட்டை விழுந்த தாளைக் கருணாகரன் இன்னும் வைத்திருந்தார். அப்பேர்ப்பட்ட பெட்டியை இன்னொருவன் பேருக்கு எழுதிக் கொடு என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

நல்லையா ஒரு வழி சொன்னார். நீரும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொண்டுவாரும், எப்ப, எங்க, எப்பிடித் தோன்றினதெண்டு உள்ளபடி எழுதும், ஏஜெண்டு அதை வாங்காமல் இருக்க ஏலாது என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒண்டு கேளும். பெட்டியில புதுசு அந்த மூடி மட்டும்தான். மற்றதெல்லாம் ஏற்கெனவே புத்தகத்தில இருக்கு. ஊரில எல்லாரும் செய்யிற காரியத்துக்குக் காப்புரிமை கிடையாது. உம்முடைய சொந்த யோசனையா இருக்க வேணும்."

"என் சொந்த யோசனைதாங்க. சத்தியமா."

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

செவ்வாய் முழுக்க லீவு போட்டுவிட்டு, காஜா பேராங்கில் இருந்த தன் வீட்டில் எழுதி எழுதிக் கிழித்தார். முதலில் தமிழில் எழுதிவிட்டால் காலையில் நல்லையா இங்கிலீஷாக்கித் தருவார் என்று ஏற்பாடு. புதன்கிழமை விடிந்ததும் நல்ல பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே அவர் மனைவி பாக்கியலட்சுமி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், கேளு. 'சுதந்திரத்துக்கு விட்ட லீவில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அப்போது மூடியில் துணி கட்டினால் சொட்டு விழாது என்று எனக்குத் தோன்றியது.' எப்படி இருக்கு?"

பாக்கியம் இட்லிச் சட்டியின் மூடியைக் கையில் எடுத்தாள். அதற்கு ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றி மேலே முடிச்சுப் போட்டிருந்தது. சட்டியை மூடிவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அப்படியா நடந்துச்சு?"

"வேற எப்படி?"

"தாளு நனைஞ்சு போவுது நனைஞ்சு போவுதுன்னு தலையில அடிச்சிக்கிட்டீங்க. நான்தானே என் பச்சை சேலையக் கிழிச்சு அந்த மூடியில கட்டிவிட்டேன். இது என்ன உன் அடுப்படியான்னு அதுக்கும் திட்டு வாங்கினேன். மறந்துட்டீங்களா?"

கருணாகரன் மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலையே. இந்த ஒன்றரை வருஷத்தில் கூடத்தில், கோயிலில், கோப்பிக் கடையில் 'எனக்குத் தோணிச்சு' என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பச்சைச் சேலை எங்கோ பின்னால் போய்விட்டிருந்தது. இப்போது முழுசாக முன்னால் வந்து நின்றது.

"நீ கட்டினது சும்மா கைவேலை. யோசனை என்னோடதுதான்" என்று கத்தினார்.

பாக்கியம் தட்டில் இட்லியை எடுத்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். கருணாகரன் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தார்.

காஜா பேராங் ரோட்டில் பாதி தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கை உன்னுடையது, யோசனை என்னுடையது. திங்கட்கிழமை டாக்டர் சொன்னது. சொல் மாறவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. சே, நானும் அந்த ஜாதிதானா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றார். உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? அடுப்படியில் ஊரே செய்கிற காரியம். காப்புரிமை துரைக்கும் இல்லை, தனக்கும் இல்லை. வேலையும் போய்விடும். மறைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பாக்கியம் கூடத்துக்கா வந்து சாட்சி சொல்லப் போகிறாள்? சட்டைப்பையில் இருந்த வாக்குமூலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடியும் மிதித்தார்.

நல்லையா இங்கிலீஷாக்கித் தந்த வாக்குமூலத்தைக் கருணாகரன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு ஏஜெண்டு வந்தார். ஐரோப்பிய, ஆசியக் கலப்பில் பிறந்த ஒல்லியான யூரேசியர், சிரிப்பே இல்லாத முகம். முதலில் செய்த மூடியை மேசைமேல் வைக்கச் சொன்னார். பிற்பாடு எத்தனையோ துணி மாற்றியாகிவிட்டது. அந்த முதல் மூடியில் மட்டும் பழைய துணி அப்படியே இருந்தது. நல்லையா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

ஏஜெண்டு டாக்டரைப் பார்த்து, புதுத் துணி கட்டாமல் ஏன் இப்படி நைந்துபோன துணி என்று சாதாரணமாகக் கேட்டார். டாக்டர் தொண்டையைக் கனைத்தார். கையில் கிடைத்தது அதுவாக இருக்கும் என்றார். ஏஜெண்டின் பேனா நின்றது. அதே கேள்வியைக் கருணாகரனிடம் திருப்பினார்.

"புதுத் துணியில கஞ்சி இருக்கும், தண்ணிய குடிக்காது. பல தடவை தோய்ச்ச துணிதான் வேணும். தளர்ந்தா தாளைத் தொட்டுடும், அதான் இறுக்கிக் கட்டறது."

ஏஜெண்டு ஒரு புதுத் தாளை எடுத்து, மேலே கருணாகரனின் பெயரை எழுதினார். டாக்டரின் முகம் வெளுத்தது. உடனே அவர், இரண்டு பேர் பெயரிலும் விண்ணப்பிக்கலாமே, எனக்கு ஆட்சேபணை இல்லை, சிபாரிசுக் கடிதத்தையும் இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றார். நல்லையா மொழிபெயர்த்துவிட்டு, உதடு அசையாமல், "வென்றிட்டீர்" என்று சேர்த்துக்கொண்டார்.

"கடைசியாக ஒன்று" என்றார் ஏஜெண்டு. "இந்தத் துணி யோசனை எப்படி வந்தது?"

கருணாகரன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வாக்குமூலத் தாள் விரலில் பட்டது. எடுத்து நீட்டினால் முடிந்தது காரியம். எதிரே மூடி. துணியின் ஒரு ஓரத்தில் வெளிறிப்போன பச்சைக் கரை இன்னும் தெரிந்தது. தலைத் தீபாவளிக்கு அவரே எடுத்துக் கொடுத்த சேலை. நல்லையா முழங்கையால் மெல்ல இடித்தார்.

"எனக்கு வரலைங்க" என்றார். "என் வீட்டுக்காரிக்கு வந்துச்சு. அவ சேலைதான் இது. நான் வேண்டாம்னு திட்டினேன், அவ கட்டினா."

நல்லையா மொழிபெயர்க்காமல் அவரையே பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். சொல்லுங்க."

நல்லையா சொன்னார். ஏஜெண்டு, அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டார். இட்லிச் சட்டி மூடியில் அப்படித்தான் கட்டுவது, இட்லிமேல் தண்ணீர் சொட்டாமல் இருக்க. எத்தனை வீட்டில்? எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும். எத்தனை காலமாக? அவள் அம்மாவும் கட்டினாள், என் அம்மாவும் கட்டினாள். ஏஜெண்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் அவள் பெயரைக் கேட்டு அதையும் எழுதினார். பிறகு பேனாவை மூடினார். இந்த மூடிக்கு யார் பெயரிலும் விண்ணப்பம் போட முடியாது, போட்டால் நிற்காது, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார்.

டாக்டர் ஹார்ட்வெல் சிபாரிசுக் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து லாச்சியில் போட்டுப் பூட்டினார். வெளியே வந்ததும் நல்லையா, "விசர் வேலை செய்துபோட்டீர்" என்று பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சொல்லிவிட்டு, எந்த நாளும் இல்லாத வழக்கமாக, கருணாகரனின் தோளில் கையை வைத்துக்கொண்டு சைக்கிள் வரைக்கும் கூட வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பாக்கியம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் வந்திருக்கிறாரே என்று முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடுதாசி குடுக்கலையா?"

"குடுக்கல. அடுத்த மாசத்தோட வேலை இல்ல."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"உள்ளதைச் சொன்னேன். நீதான் கட்டினதுன்னு சொன்னேன்."

ஈரத்துணியைக் கொடியில் வீசி எறிந்தாள். "என்னை எவன் கேட்டான் இப்ப? காலையில ஏதோ மனசு கேக்காம சொன்னேன். அதுக்காக இருக்கிற வேலையையும் தொலைச்சிட்டா வர்றது? நாளைக்கு என்னத்தை ஆக்கறது, அந்தத் துணியையா?"

கருணாகரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். அவள் திட்டுவதில் நியாயம் இருந்தது. அடுப்படிக்குள் போனார். காலையில் வைத்த இட்லி தட்டில் மூடியபடி இருந்தது. எடுத்து முக்காலியில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார். பாக்கியம் மிச்சத் துணியையும் உதறிப் போட்டுவிட்டு, வாளியோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"என் பேரைக் கேட்டாரா அந்த ஆளு?"

"கேட்டாரு. எழுதிக்கிட்டாரு."

"பாக்கியம்னா?"

"பாக்கியலட்சுமின்னு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஆறிப்போன இட்லியை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இட்லிச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.